புகைக்குக் கட்டிய குசினி

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் குசினிகள் புகையை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. கல்முனையிலிருந்து கிட்டங்கிப் பக்கம் வரும்போது நற்பிட்டிமுனையில் ஏதாவது ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். குசினி ஜன்னல் சின்னதாக இருக்கும். சுவரின் உச்சியில், ஓட்டுக்குச் சற்றுக் கீழே, பூ வெட்டிய சீமெந்துக் கற்கள் வரிசையாகப் பதித்திருக்கும். விறகுப் புகை மேலே ஏறி அதன் வழியாக வெளியே போய்விடும். வாசலில் நிலைப்படி உயரமாக இருக்கும், மாரி வெள்ளம் உள்ளே வராமல் இருக்க. விறகடுப்புக் காலத்துக்கு இதைவிட நல்ல அமைப்பு வேண்டாம்.

அந்தக் குசினிக்குள்தான் நாங்கள் கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். சிலிண்டரில் வரும் கேஸ் காற்றைவிடப் பாரம் கூடியது. புரோபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே ஏறாது, கீழே இறங்கித் தரையோடு கிடக்கும். உச்சியில் இருக்கும் பூக்கல்லால் ஒரு பிரயோசனமும் இல்லை. வெள்ளத்தை வெளியே நிறுத்தக் கட்டிய நிலைப்படி, கேஸை உள்ளே தேக்கி வைக்கிறது, தொட்டியில் தண்ணீர் நிற்கிற மாதிரி. கசிவைப் பற்றி எத்தனையோ அறிவுறுத்தல்கள் வந்திருக்கின்றன. ரெகுலேட்டரைப் பார், ஹோஸைப் பார், ஜன்னலைத் திற என்று சொல்கிறார்கள். வீட்டின் கட்டுமானத்தைப் பற்றி யாரும் பேசுவதைக் காணவில்லை. அதைப் பேசத்தான் இந்தப் பதிவு.

எங்களுடையது உம்மாவின் சீதன வீடு. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இலங்கையின் கிழக்கில் எங்கள் முஸ்லிம் ஆட்களிடையே கல்யாணத்துக்கு வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உம்மாவுக்கு மூத்தவாப்பா கட்டிக் கொடுத்த வீடு, பிறகு எனக்கு வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முன்பக்கத்தைத்தான் மாற்றும். விறாந்தைக்கு டைல்ஸ் போடுவோம், ஹோலைப் பெருப்பிப்போம், கேற்றை மாற்றுவோம். குசினி மட்டும் கட்டின நாளில் இருந்தபடியே இருக்கும். எங்கள் வீட்டில் முன்பு தனியாக நின்ற குசினியை நடுவில் ஒரு கூரை போட்டு வீட்டோடு சேர்த்தார்கள். அதோடு அதன் ஒரு பக்கக் காற்றும் போய்விட்டது. வாப்பா கேஸ் எடுத்தபோது, சிலிண்டர் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று பின்பத்தியில் வைத்து, சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஹோஸை உள்ளே எடுத்தார். சிலிண்டரை வெளியே வைத்தது நல்ல யோசனை. றப்பர் ஹோஸ் சுவருக்குள்ளால் போகக் கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஊரில் யார் சொல்லியிருப்பார்கள்? கேஸையே எல்லாரும் 'ஷெல்' என்று சொன்ன காலம் அது. கொழும்பு கேஸ் கம்பனியின் பெரும்பங்கை 1995இல் ஷெல் வாங்கியதும், 2010இல் அரசாங்கம் அதைத் திரும்ப வாங்கி லிட்ரோ என்று பெயர் மாற்றியதும் எங்கள் பின்பத்திக்குத் தெரியாது. சிலிண்டரின் பெயர் மாறியது, ஓட்டையும் ஹோஸ் போன வழியும் மாறவில்லை.

ஒரு மாரி காலம், வியாழக்கிழமை பின்னேரம். மழை ஓயாமல் பெய்தது. சாரல் அடிக்கும் என்று குசினி ஜன்னலையும் பின்கதவையும் சாத்தியிருந்தோம். மஃரிபுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வியாழன் பொழுது பட்டால் எங்களுக்கு வெள்ளியிரவு. வெள்ளியிரவு என்றால் உம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி பிடிப்பார். ஹோலில் குந்தியிருந்து சட்டியில் சிரட்டைக் கரியை ஊதிக்கொண்டிருந்தார். கரி செவ்வென்று கனன்றுகொண்டிருந்தது. நான் குசினிப் பக்கம் போக, அழுகின வெங்காயம் மாதிரி ஒரு மணம்.

"என்ன உம்மா மணக்குது?"

"மழைக்குக் கான் மணக்குது போல மகள்."

கொரோனா வந்து போன பிறகு உம்மாவுக்கு மணம் சரியாகப் பிடிபடுவதில்லை. நான் கேட்டதற்காக ஒரு பதில் சொன்னார், அவ்வளவுதான். கான் மணம் எனக்குத் தெரியும். மாரியில் அது எப்போதும் வரும். இது வேறு. குசினி வாசலில் நின்று குனிந்தபோது மணம் கூடியது, நிமிர்ந்தபோது குறைந்தது. அந்த வித்தியாசத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கான் மணம் இப்படி முழங்காலுக்குக் கீழே மட்டும் நிற்காது.

"உம்மா, சட்டியத் தூக்கிட்டு முன்வாசலால வெளிய போங்க. வீட்டுக்குள்ள வர வேணாம். கேஸ்."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டியோடு மழைக்குள் இறங்கி, கேற் தாண்டிப் போய் அடுத்த வீட்டு விறாந்தையில் வைத்தார். கரி மழையில் சீறிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. குசினிக்குள் வந்து மூலை மூலையாகச் சட்டியைக் காட்டுவதுதான் அவருடைய வழக்கம். அதுவும் சட்டியை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துத்தான்.

அடுத்து என்னுடைய கணவர். ஹோலில் இருந்தவர் எழும்பி மெயின் சுவிட்சை அடிக்கப் போனார். எல்லாருக்கும் முதலில் வரும் யோசனை அதுதான். எங்கள் வீட்டில் மெயின் சுவிட்ச் குசினிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. கரண்டை நிறுத்தும்போதும் சுவிட்சுக்குள் பொறி பறக்கும். லைற்றைப் போடுவதில் என்ன ஆபத்தோ, அதை அணைப்பதிலும் அதே ஆபத்து. தொட வேண்டாம் என்று கத்தினேன். எரிகிறது எரியட்டும், அணைந்தது அணைந்தே கிடக்கட்டும். ஃபேனும் அப்படித்தான். கேஸை விரட்ட ஃபேனைப் போடுகிறேன் என்று சுவிட்சை அழுத்தி எரிந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. அது தானாக நின்று தானாகத் தொடங்கும் சாமான், அதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. செய்யக்கூடியது, அது இருக்கும் அறைக்குள் கேஸ் நிறைய விடாமல் சீக்கிரம் வெளியேற்றுவதுதான்.

வீட்டைச் சுற்றி வெளியால் ஓடினோம். இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக் காக்கா ஒழுங்கையிலேயே டோர்ச்சை எரிய வைத்துக்கொண்டு வந்து, பத்திக்கு வெளியே தள்ளி நின்று வெளிச்சம் அடித்தார். கணவர் போய் ரெகுலேட்டரை மூடினார். பிறகு பின்கதவை வெளிப்பக்கத்தால் தள்ளித் திறந்தோம். முன்கதவு ஏற்கனவே திறந்து கிடந்தது. கேஸ் நிலைப்படிக்கு உள்ளே தேங்கியிருக்கும் என்று தெரிந்ததால், கொஞ்ச நேரம் காற்றுப் போகவிட்டு, அயல்வீட்டு மாமி கொண்டு வந்த சுளகை வைத்து, வாசலுக்கு வெளியே நின்றபடியே தரையோடு தரையாக வீசி வாசல் பக்கம் இழுத்தோம். மழைக் காற்று அன்றைக்கு உதவியது. மணம் முற்றாகப் போகும் வரை யாரும் உள்ளே போகவில்லை. போனைக்கூட ஒழுங்கைக்குப் போய்த்தான் எடுத்தோம். மஃரிபை மாமி வீட்டில் தொழுதோம், இரவுச் சாப்பாடு கடைப்பாணும் அவர்கள் வீட்டுக் கறியும்.

கல்முனை மாநகர சபைக்குத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. சிலிண்டரை மூட முடியாமல் போயிருந்தால் அவர்களைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர்களுடைய இலக்கத்தை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது. அம்புலன்ஸுக்கு 1990.

வெள்ளி காலை, நல்ல வெளிச்சத்தில், எல்லாக் கதவும் திறந்திருக்க, சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து நுரையெழுப்பி ஒவ்வோர் இடமாகப் பூசிப் பார்த்தோம். ரெகுலேட்டர் வாயில் ஒன்றும் இல்லை. அடுப்பின் முனையில் ஒன்றும் இல்லை. ஹோஸில் வெளியே தெரிந்த பகுதி முழுக்கப் பூசியும் ஒரு குமிழி வரவில்லை. சுவர் ஓட்டைக்குள் நுரையை ஊற்றியதும் உள்ளிருந்து கொத்துக் கொத்தாகக் குமிழிகள் தள்ளிக்கொண்டு வந்தன. சிலிண்டரை மூடி ஹோஸை உருவி எடுத்தோம். எலிப்பல். ஒரு விரல் நீளத்துக்கு றப்பரைச் சுரண்டி, உள்ளே இருந்த நூல் இழை தெரியும் வரை கொறித்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, ஊசி போகிற அளவு. ஹோஸைக் கையில் வளைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. சுவருக்குள் இருந்ததால் யார் எத்தனை தரம் பார்த்திருந்தாலும் கண்டிருக்க முடியாது. றப்பர் ஹோஸ் சுவருக்குள்ளால் போகக் கூடாது, ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளக் கூடாது, முழு நீளமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்ற விதிகள் ஏன் வந்தன என்பதை அந்தப் பல்தடத்தைப் பார்த்தபோதுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

எவ்வளவு கேஸ் இருந்தால் ஆபத்து? காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குக் கேஸ் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தாண்டினால் காற்றுப் போதாமல் பற்றாது. ஆனால் கதவைத் திறந்து காற்றுக் கலக்க, அதுவும் பற்றும் அளவுக்கு இறங்கி வரும். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரக் குசினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இந்த அளவுக்கு நிரப்ப ஒன்றேகால் கிலோ கேஸ் போதும். வீட்டுச் சிலிண்டர் 12.5 கிலோ. அதாவது பத்தில் ஒரு பங்கு. இது கேஸ் அறை முழுக்கச் சமமாகப் பரவினால் வரும் கணக்கு. அது அப்படிப் பரவுவதில்லையே, தரையில்தானே கிடக்கும்? அப்படியானால் முழங்கால் மட்டத்துக்கு அதைவிட எவ்வளவோ குறைவாகவே போதும். எங்கள் வீடுகளில் நெருப்பு இருக்கும் இடமும் பெரும்பாலும் தரைதான். நுளம்புத்திரிக்குத் தீக்குச்சி உரசுவது தரையில் குந்திக்கொண்டு. சாம்பிராணிச் சட்டி தரையில். கரண்ட் போனால் குப்பி விளக்கு தரையில்.

2021ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருஷக் கடைசியில் நாடு முழுக்க அடுப்புக் கண்ணாடி வெடித்தது, ஹோஸ் பற்றியது, சிலிண்டரடியில் தீ பிடித்தது என்று நாளாந்தம் செய்தி வந்தது. உயிர்களும் போயின. நவம்பர் முடிவில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த கேஸ் கலவை மாறியதே பிரதான காரணம் என்று அந்தக் குழு டிசம்பரில் சொன்னது. இலங்கையில் நெடுங்காலம் புரோபேன் 20, பியூட்டேன் 80 என்ற வீதத்தில்தான் கேஸ் வந்தது. அதில் புரோபேன் பங்கு கூடியது. எங்கள் 30 பாகை வெயிலில் தனிப் புரோபேனின் அமுக்கம் தனிப் பியூட்டேனைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. அதன் பங்கு கூடக் கூட சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறும். பழைய அமுக்கத்தைச் சமாளித்துக்கொண்டிருந்த நலிந்த ரெகுலேட்டரும் காய்ந்த ஹோஸும் அப்போது தாங்கவில்லை. கலவையை மாற்றியது வீட்டுக்காரர் இல்லை. அந்தக் காலத்தில், பெண்கள் அடுப்பைக் கவனமாகப் பாவிக்கவில்லை என்று பேசியவர்களைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒரு நாட்டில் விற்கும் எரிவாயுவின் கலவை மாறினால் அதை முதலில் அறிய வேண்டியவள் அடுப்படியில் நிற்பவள். அவளுக்குத்தான் யாருமே சொல்லவில்லை.

இன்னொன்றும் அந்த டிசம்பரில் நடந்தது. மணமூட்டி போதாது என்று சொல்லி, கப்பலில் வந்த கேஸை இறக்க விடாமல் நுகர்வோர் விவகார அதிகார சபை நிறுத்தியது. கேஸுக்கு உண்மையில் நாம் சொல்லும் அந்த நாற்றம் கிடையாது. எதைல் மேர்கப்டன் என்ற இரசாயனத்தைத் துளியளவு கலக்கிறார்கள். அழுகின வெங்காய மணம் அதனுடையது. இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. 1937 மார்ச் 18ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்ஸாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலையில் மணமில்லாத இயற்கை வாயு கட்டிடத்தின் அடியில் கசிந்து தேங்கியது. ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன் ஒரு பொறியில் வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகே வாயுவுக்கு மணம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. எங்கள் குசினியில் அன்று என் மூக்கில் ஏறிய நாற்றம் அந்தப் பிள்ளைகளின் சாவுக்குப் பிறகு கிடைத்தது. அதைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எந்தக் கம்பனியும் எண்ணக் கூடாது.

மணத்தை மட்டும் நம்பவும் முடியாது. கருவாடு பொரித்த குசினியில் அது அமுங்கிவிடும். கசிவுக்குள்ளேயே இருந்துகொண்டிருப்பவரின் மூக்குக்குப் பழகிப்போய்விடும். வயதானவர்களுக்கும் கொரோனாவில் மணம் இழந்தவர்களுக்கும் எட்டாது. கேஸ் அலாரம் வாங்குகிறவர்கள் அதைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் மாட்டுங்கள். புகை அலாரம் மாதிரி நினைத்துச் சீலிங்கில் மாட்டினால், அது சத்தம் போடும்போது நேரம் கடந்திருக்கும்.

2022ஐயும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கேஸ் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வீதியோரம் வரிசையாக வைத்துக் காத்திருந்தோம். எல்லா வீட்டிலும் விறகடுப்பு திரும்ப வந்தது. மாதக்கணக்கில் ஹோஸ்கள் வெறுமனே தொங்கிக் காய்ந்தன, எலிக்கும் பல்லிக்கும் இடமாயின. பிறகு கேஸ் வந்ததும் அதே ஹோஸைத்தான் மாட்டினோம். சிலிண்டருக்கே காசு தேடும் வீட்டில் ஹோஸ் மாற்று என்றால் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தங்கள் ஹோஸின் வயது தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை, அழுக்கில் அதில் அச்சடித்த திகதி மறைந்துவிட்டது. இந்தியாவில் கேஸ் கொடுக்கும் கம்பனியே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி ஹோஸில் திகதி அடித்துக் கொடுக்கிறது. கசிவு என்றால் 1906 என்று நாடு முழுக்க ஒரே இலக்கம் வைத்திருக்கிறது. இங்கே சிலிண்டர் கொண்டுவரும் பையனுக்கு ஒரு சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலாவது கொடுத்து அனுப்பலாம். மாட்டிவிட்டு நுரை பூசிக் காட்டிவிட்டுப் போக ஒரு நிமிஷம் ஆகுமா?

எங்கள் குசினியைச் சரிசெய்ய மேசன் பாஸைக் கூப்பிட்டோம். தரையோரமாகச் சுவரில் காற்றுக்கு வழி விட வேண்டும் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"கீழ ஓட்டை வெச்சா பாம்பு வரும், எலி வரும். மாரிக்குத் தண்ணியும் உள்ள வரும் தங்கச்சி. மேலதான் நல்ல காத்து இரிக்கே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் வளவில் மாரிக்குத் தண்ணீர் நிற்கும். தரை மட்டத்தில் திறந்தால் கேஸ் போகும், வெள்ளம் வரும். நிறையப் பேசித்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு துவாரங்கள். வெளிப்பக்கம் சரிவாக, எலி நுழையாத பொடிக்கண் இரும்பு வலையோடு. நிலைப்படியைச் செதுக்கித் தாழ்த்தி, மாரி மாதங்களில் மட்டும் பலகை செருகிக்கொள்ள இரண்டு பக்கமும் காடி. சிலிண்டர் பத்தியிலேயே நிற்கிறது, நிமிர்ந்த நிலையில். சாய்த்துப் படுக்க வைத்தால் திரவமே வெளியே வரும், அது வாயுவாக ஏறக்குறைய 250 மடங்கு பெருகும். சுவருக்குள்ளால் போவது இனி றப்பர் இல்லை, உறைக்குள் செப்புக் குழாய். றப்பர் ஹோஸ் இரு முனையிலும் கையளவுதான், முழுக்கக் கண்ணில் படும். மெயின் சுவிட்சை முன் விறாந்தைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு எலெக்ட்ரீஷியன் இன்னும் வரவில்லை.

வேலை நடக்கும்போது பாஸ் ஒன்று கேட்டார்: "நீங்க சொல்ற மாதிரி இதுவரைக்கும் ஒரு ப்ளான்லயும் நான் பாக்கல்லயே?" வீட்டுப் படத்துக்கு அனுமதி தருகிறவர்கள் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பார்க்கிறார்கள். சிலிண்டர் எங்கே நிற்கும், கசிந்தால் எந்த வழியாக வெளியே போகும் என்று ஒரு கோடு அந்தப் படத்தில் போடச் சொன்னால் போதும். பழைய வீடுகளுக்கு அதுவும் உதவாது. அங்கே பாஸ்மார்தான் ஆதாரம். திருத்த வேலைக்குப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அவர்களே கேட்கும்படி ஆக வேண்டும்.

நோன்பு வருகிறது. இரவு முழுக்கச் சாத்திக் கிடந்த குசினிக்குள் ஸஹருக்குத் தூக்கக் கண்ணோடு போய் முதலில் சுவிட்சைத்தான் தட்டுவோம். இரவு படுக்க முன் அடுப்பின் திருகை மட்டும் மூடாமல் ரெகுலேட்டரையும் மூடுங்கள். ஸஹருக்குப் போகும்போது முதலில் பின்கதவைத் திறங்கள். வாசலில் குனிந்து மணம் பாருங்கள், பிறகு லைற். ஜும்ஆவில் இதை அறிவிக்க முடியுமா என்று பள்ளிவாசல் நிர்வாகத்தில் கேட்டிருக்கிறோம். எழுதித் தாருங்கள் என்றார்கள், கொடுத்திருக்கிறேன்.

எங்களுக்குச் சுளகு கொண்டுவந்த மாமியின் குசினி எங்களுடையதைவிடப் பழையது. வரும் கிழமை பாஸ் அங்கே வேலை தொடங்குகிறார். அங்கே பத்தி இல்லை, பின்சுவர் அடுத்த வளவோடு ஒட்டி நிற்கிறது. சிலிண்டரை எந்தப் பக்கம் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இப்படி வளவு ஒட்டிய வீடுகளில் யாராவது நல்லதொரு வழி கண்டிருந்தால் எழுதுங்கள், பாஸிடம் காட்டுகிறேன்.